சோலார் போட்டபின் கரண்ட் பில்லைப் படிப்பது எப்படி?

இன்வெர்ட்டர் ஆப் காட்டும் எண்ணைப் பில்லில் தேடாதீர்கள், கிடைக்காது. ஆப் காட்டுவது மொத்த உற்பத்தி. அதில் வீடு அப்போதே இழுத்துக்கொள்ளும் யூனிட், லைனுக்குப் போவதையும் லைனிலிருந்து வருவதையும் எண்ணும் நெட் மீட்டருக்குத் தெரியாது. லைனுக்குப் போகும் மிச்சம்தான் எக்ஸ்போர்ட்டாகப் பதிவாகும்; லைனிலிருந்து வீடு எடுப்பது இம்போர்ட்.

உற்பத்தி 400 யூனிட், எக்ஸ்போர்ட் 250 என்றால் வீடு நேரடியாக எடுத்தது 150. இம்போர்ட் 200 என்றால் வீட்டின் மொத்தப் பயன்பாடு 350 யூனிட். யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் நெட் மீட்டரிங்கில் எக்ஸ்போர்ட்டிலிருந்து 200 கழிந்து, மீதி 50 யூனிட் வழக்கமாக அடுத்த பில்லில் வரவாகும். நெட் பில்லிங் என்றால் கதையே வேறு: வாங்க ஒரு விலை, விற்க ஒரு விலை, விற்பது பெரும்பாலும் மலிவு. அங்கே வாஷிங் மெஷினையும் மோட்டாரையும் பகலிலேயே ஓட்டிவிடுங்கள். நிலைக் கட்டணம் (யூனிட் கணக்கில் சேராத கட்டணம்) இருந்தால் அது தனி. ‘ஜீரோ பில்’ என்று விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை.

சோலார் போட்டும் பில் ஏறுகிறதா? எக்ஸ்போர்ட்டையும் இம்போர்ட்டாகவே எண்ணும்படி மீட்டர் அமைக்கப்பட்டிருக்கலாம். உச்சி வெயிலில் ஏசி, ஹீட்டர், மோட்டாரை அணைத்துவிட்டு, அரை மணி நேர இடைவெளியில் இம்போர்ட், எக்ஸ்போர்ட் இரண்டு ரீடிங்கையும் படம் எடுங்கள். 3 கிலோவாட் பேனலுக்கு எக்ஸ்போர்ட் சுமார் 1 யூனிட் நகர வேண்டும். அது அசையாமல் இம்போர்ட் ஏறினால், படங்களை இணைத்து மீட்டர் சோதனைக்கு எழுதிக் கொடுங்கள்.