கிளிக் முதலில், கை பிறகு

நாயைப் பழக்கும்போது, அது சரியாகச் செய்த நொடியைச் சுட்டிக்காட்ட 'கிளிக்' என்று சத்தமிடும் சின்னக் கருவிதான் கிளிக்கர்; அந்தச் சத்தத்துக்குப் பிறகு தீனி கொடுப்போம். கிளிக்கரை அழுத்தி முடிக்கும் வரை தீனி எடுக்கும் கை அசையவே கூடாது. சத்தம் கேட்ட பிறகுதான் கை பைக்குள் போக வேண்டும். இதைச் சரிசெய்தாலே நாய் பழகும் வேகம் கூடிவிடும்.

நாய்கள் நம் உடல் அசைவை உன்னிப்பாகப் பார்ப்பவை. கையும் கிளிக்கும் ஒரே நேரத்தில் நடந்தால் நாய் கையை மட்டுமே கவனிக்கும், சத்தம் வெறும் சத்தமாகிவிடும். கை முந்திக்கொண்டால் இன்னும் மோசம்: உட்கார்ந்திருந்த நாய் தீனி வருகிறதென்று எழும், அந்த நொடியில் கிளிக் விழும், கடைசியில் நாம் பாராட்டியது எழுந்ததைத்தான்! கிளிக்குக்குப் பிறகு தீனி ஓரிரு நொடி தாமதித்தாலும் பரவாயில்லை. ஆனால் தவறிப்போய் அழுத்திவிட்டாலும் தீனி கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சத்தத்தின் மேல் நாய்க்கு நம்பிக்கை போய்விடும்.

சந்தேகமாக இருந்தால் செல்போனைச் சாய்த்து வைத்து ஒரு நிமிடம் வீடியோ எடுத்துப் பாருங்கள். கிளிக்குக்கு முன்னால் தோள் லேசாக அசைவதுகூடத் தெரியும். நாய்க்கும் அதே அசைவு தெரிகிறது.

தீனியை மூக்குக்கு முன் காட்டி உட்காரவோ படுக்கவோ வைக்கும் ஆரம்பக் கட்டத்தில் இது பொருந்தாது, அங்கே கை அசைந்தால்தான் வேலை நடக்கும். காது கேட்காத நாய்க்கு கிளிக்குக்குப் பதில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டலாம். சத்தத்துக்கே மிரளும் நாயிடம் கிளிக்கரை வற்புறுத்தாதீர்கள், மென்மையாகச் சொல்லும் ஒரு சின்னச் சொல் போதும்.