நரம்பு டெஸ்ட்டுக்குப் பஸ் ஏறுமுன்: நம் கடற்கரைப் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறுகள்

கை மரத்துப்போகிறது, பாதம் எரிகிறது, பிடித்த டம்ளர் நழுவி விழுகிறது என்று சொன்னால் போதும், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் யாராவது ஒருவர் "மதுரைக்குப் போய்க் கரண்ட் டெஸ்ட் எடுத்துட்டு வந்துரு" என்று சொல்லிவிடுவார். டெஸ்ட் எடுப்பதில் தப்பில்லை. ஆனால் ஒரு டாக்டர் கையைத் தொட்டுப் பார்த்து, சுத்தியலால் தட்டிப் பார்த்து, எங்கே உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று தடவிப் பார்ப்பதற்கு முன்பே நேராக டெஸ்ட் எடுக்கும் இடத்தில் போய் நிற்கிறார்களே, அதுதான் முதல் தவறு.

ஏன் என்று சொல்கிறேன். இந்த டெஸ்ட்டில் இரண்டு பகுதி உண்டு. முதலாவது என்.சி.எஸ்.: தோலின் மேல் சின்னதாக மின்சாரம் கொடுத்து, அந்தச் சமிக்ஞை நரம்பு வழியாக எவ்வளவு வேகமாக, எவ்வளவு பலமாகப் போய்ச் சேர்கிறது என்று அளப்பார்கள். பெரியவர்களுக்குக் கை நரம்பில் பொதுவாக நொடிக்கு 50 மீட்டருக்கு மேலும், கால் நரம்பில் 40 மீட்டருக்கு மேலும் வேகம் இருக்கும். இரண்டாவது இ.எம்.ஜி.: மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்தி, தசையிலிருந்து வரும் மின் அலைகளைப் பதிவு செய்வது. இந்த ஊசி வழியாகக் கரண்ட் எதுவும் உள்ளே போகாது. உடம்பில் உள்ள எல்லா நரம்பையும் எல்லாத் தசையையும் யாரும் இப்படிப் பார்ப்பதில்லை, சிலவற்றைத் தேர்ந்தெடுத்துத்தான் பார்ப்பார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் தொந்தரவு எங்கே, எப்படி என்பதைப் பொறுத்தது. அதனால் "கை மதமதன்னு இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.

எந்த விரல் என்று சொல்லுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து, ராத்திரி தூக்கத்தில் எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதா என்று பார்ப்பார்கள். நாள் முழுக்க வலை பின்னுகிறவர்கள், நண்டு உடைக்கிறவர்கள் இதைக் கவனித்துச் சொல்ல வேண்டும். சுண்டுவிரலும் அதை ஒட்டிய மோதிரவிரல் பாதியும் மரத்தால் முழங்கைப் பக்கம் பார்ப்பார்கள். மீன் கருவாடு போடும் இடத்தில் மணிக்கணக்காகக் குத்தவைத்து உட்கார்ந்து எழுந்த பிறகு பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு கழன்று கழன்று போகிறது என்றால், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஓடும் நரம்பு அழுந்தியிருக்கலாம். கழுத்து எலும்பில் நரம்பு அழுந்தினாலும் இதே மாதிரி கை மரக்கும், எனவே கழுத்து வலி இருக்கிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

ரத்த டெஸ்ட் பண்ணாமலே கரண்ட் டெஸ்ட்டுக்கு ஓடுவதும் நடக்கிறது. நரம்பு கெட்டிருக்கிறதா என்பதை இந்த டெஸ்ட் சொல்லும். ஏன் கெட்டது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றையும் முதலில் பார்த்துவிட்டால் காரணம் பல பேருக்கு அங்கேயே தெரிந்துவிடும். வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம், அதை யாரும் ஞாபகம் வைத்துக் கேட்பதில்லை, நீங்களே கேளுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். தோலில் நிறம் வெளிறிய திட்டு, அதில் கிள்ளினாலும் தெரியவில்லை, கூடவே கை கால் மரப்பு என்றால் அதை மறைக்காதீர்கள். தொழுநோய் இன்னும் ஒழிந்துவிடவில்லை. கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது, வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகும். வெட்கப்பட்டு அந்தத் திட்டைச் சட்டைக்குள் மறைத்துவிட்டு நரம்பு டெஸ்ட் மட்டும் எடுத்துக்கொண்டு திரிந்தால், விரல் மடங்கிப்போன பிறகுதான் உண்மை தெரியவரும். என்னை ரொம்ப வருத்தப்படுத்தும் தவறு இதுதான்.

சரி, ரிப்போர்ட் நார்மல் என்று வந்துவிட்டது, அப்படியானால் வியாதியே இல்லையா? அப்படியும் வியாதி இருக்கலாம். என்.சி.எஸ். பெரிய நரம்பிழைகளை மட்டும்தான் அளக்கும். எரிச்சல், சூடு, வலி எல்லாம் மிக மெல்லிய இழைகள் வழியாகப் போகின்றன, சர்க்கரை நோயில் பல பேருக்கு முதலில் கெடுவதே அவைதான். ராத்திரி முழுக்கப் பாதம் எரிகிற ஒருவருக்கு ரிப்போர்ட் சுத்தமாக இருக்க முடியும். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் "எல்லாம் உன் மனசுதான்" என்று சொல்வது அநியாயம். அவர் வெறுங்காலோடு சுடுமணலிலும் சிப்பி ஓட்டிலும் நடந்தால் புண் வந்ததுகூடத் தெரியாமல் போகும். அப்புறம், சர்க்கரை முகாம்களில் பாதத்தில் அதிர்கிற ஒரு கருவியை வைத்து வோல்ட் கணக்கில் ஒரு எண் எழுதித் தருவார்களே, அது வேறு டெஸ்ட். அதிர்வு உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் காட்டும், 25 வோல்ட்டுக்கு மேல் போனால் பாதப்புண் வரும் ஆபத்து அதிகம். உபயோகமான டெஸ்ட்தான், ஆனால் என்.சி.எஸ். எடுத்தாயிற்று என்று அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறேன், இது எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. படகு எஞ்சினின் வயரைப் படம் பிடிப்பது வேறு, அதில் கரண்ட் ஓடுகிறதா என்று பார்ப்பது வேறு. வலியே இல்லாதவர்களுக்குக்கூட முதுகு எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் பிதுங்கியது தெரிவது சாதாரணம்.

நேரம் தவறுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இங்கே இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. கயிறு இறுக்கியோ, படகில் விழுந்தோ நரம்பு அடிபட்டால் சிலர் மறுநாளே டெஸ்ட்டுக்குப் போகிறார்கள். அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள நரம்பு சில நாள் வரை நன்றாக இருப்பது போலவே பதில் கொடுக்கும், ஊசி டெஸ்ட்டில் தசையின் மாற்றம் தெரிய 2 முதல் 3 வாரம் ஆகும். அதனால் பொதுவாக 3 வாரம் கழித்து எடுத்தால்தான் சேதம் எவ்வளவு என்று தெளிவாகத் தெரியும். ஆனால் கத்தியோ கண்ணாடியோ வெட்டி, அதற்குக் கீழே உணர்ச்சி போயிருந்தால் 3 வாரம் காத்திருக்கவே கூடாது. அன்றைக்கே அறுவை சிகிச்சை டாக்டரிடம் காட்ட வேண்டும், டெஸ்ட் அப்புறம்.

மறுபக்கம், "தடைக்காலம் வரட்டும், அப்போ பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவது. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கும், அப்போதுதான் கையில் நேரம் கிடைக்கிறது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் கட்டைவிரல் அடியில் உள்ள சதை தேய்ந்து குழி விழ ஆரம்பித்துவிட்டால் அது தடைக்காலம் வரை காத்திருக்காது. போன சதை முழுதாகத் திரும்பி வருவது கஷ்டம்.

சில விஷயங்களுக்கு இந்த டெஸ்ட்டை நினைக்கவே கூடாது, முதலில் ஆஸ்பத்திரி. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டால் அது பக்கவாதமா இல்லையா என்பதை டாக்டர்தான் உடனே பார்க்க வேண்டும். முகநரம்பு வாதம்தான் என்றாலும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். கால் பலமிழந்து, அது நாளுக்கு நாள் மேலே ஏறி, மூச்சு வாங்கினால் அவசரம். இப்படிக் காலிலிருந்து ஏறும் நரம்பு நோயில் முதல் வாரத்தில் டெஸ்ட் நார்மலாகவே வரலாம், அதை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. விஷமுள்ள பேத்தை மீன் சாப்பிட்டு உதடு மரத்தாலும் அவசரம்தான். வலையில் சிக்கிய கடல்பாம்பு கடித்தால் கடிவாயில் வலியே இல்லாமல் இருக்கலாம், சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசை வலித்து சிறுநீர் கறுத்துப் போகும். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் செய்யப்பட்டது, கடல்பாம்புக்கு அல்ல, ஆகவே கடித்தது கடல்பாம்பு என்பதைப் போனவுடன் சொல்லிவிடுங்கள்.

டெஸ்ட் நாளுக்கு வருவோம். கை வலிக்குத் தைலம், காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போகாதீர்கள், தோலில் ஒட்டுகிற மின்முனை சரியாகப் பதியாது. சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, முழங்கை முழங்கால் வரை ஏற்றக்கூடிய தளர்ந்த உடை போட்டுக்கொள்ளுங்கள். ஏசி பஸ்ஸில் இறங்கி ஏசி அறையில் காத்திருந்து கை சில்லிட்டுப் போயிருந்தால் சொல்லுங்கள். ஒரு டிகிரி குறைந்தாலே வேகம் நொடிக்கு 2 மீட்டர் அளவுக்குக் குறையும், நல்ல நரம்பும் கெட்டது போலத் தெரியும். சூடேற்றிவிட்டு எடுக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்டுப் போகலாம்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால், பேஸ்மேக்கர் இருந்தால், மார்பில் கட்டி எடுத்து கை வீங்கியிருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். கண் இமை தொங்குகிற தசைக் களைப்பு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரையை மட்டும் சில மணி நேரம் நிறுத்தச் சொல்வது உண்டு, அதையும் டாக்டர் சொன்னால்தான். சி.கே. என்ற தசை ரத்த டெஸ்ட் எழுதியிருந்தால் ஊசி டெஸ்ட்டுக்கு முன்னாலேயே ரத்தம் கொடுத்துவிடுங்கள், ஊசி குத்தினால் அளவு கொஞ்சம் ஏறும். கடலுக்குப் போய் வலை இழுத்த மறுநாளும் ஏறித்தான் இருக்கும், சில நாள் ஓய்வு விட்டுக் கொடுங்கள்.

கரண்ட் சுருக்கென்று இருக்கும், விரல் தானாகத் துள்ளும், அவ்வளவுதான், நரம்புக்கு எந்தக் கெடுதலும் வராது. பயந்து பாதியில் எழுந்து வந்தால் ரிப்போர்ட்டும் பாதிதான். பெண்கள் துணைக்கு ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளலாம், கேட்டால் அனுமதிப்பார்கள்.

வாங்கி வரும்போது கடைசிப் பக்கத்து முடிவு வரியை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடாதீர்கள். எண்கள் உள்ள அட்டவணையும் அலைப் படங்களும் சேர்த்து எல்லாப் பக்கத்தையும் வாங்கி, உப்புக்காற்று படாமல் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்தால், நரம்பு தேறியதா மோசமானதா என்று டாக்டர் அந்தப் பழைய எண்களை வைத்துத்தான் சொல்வார்.