முகம் வேண்டாம், கை போதும்

கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்களின் கஷ்டத்தைச் சுவரில் வரையப் போகிறீர்களா? கடல், படகு, சூரியன், வாசகம் எல்லாவற்றையும் விடுங்கள். இரண்டு கைகளை மட்டும் சுவர் கொள்ளும் அளவுக்குப் பெரிதாக வரையுங்கள்.

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடலில் இறங்குபவர்கள் பாறை கிழிக்காமலிருக்க விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொள்வார்கள். நனைந்த துணி, அதன் முடிச்சு, உப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல் நுனி, இடுக்கில் ஒரு கொத்து மரிக்கொழுந்துப் பாசி. இவ்வளவுதான் படம். பஸ்ஸில் போகிறவருக்குக் கிடைப்பது சில நொடிகள். பத்துப் பேர் நிற்கும் காட்சி அதற்குள் காலண்டர் படமாகத் தெரிந்து மறைந்துவிடும், துணி சுற்றிய விரல் 'இது ஏன்?' என்று கேட்க வைக்கும். பழுப்பு, வெள்ளை, பச்சை என்று மூன்று பெயின்ட் டப்பாவில் வேலை முடியும். முகம் இல்லாததால் "எங்க வீட்டுப் பிள்ளையை ஏன் வரைஞ்சீங்க?" என்ற சண்டையும் இல்லை (ஊரில் இது சின்ன விஷயமல்ல).

கடலோரச் சுவரில் அடிப்பகுதி உப்புப் பூத்து உதிரும். விரல்களை அங்கே கொண்டுபோகாதீர்கள், இரண்டடி விட்டு மேலே தொடங்குங்கள்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அங்கே பாசி எடுக்கத் தடை. அந்தத் தடையால் வரும் பிழைப்புச் சிக்கலைச் சொல்ல நினைத்தால் இந்த உத்தி உதவாது. அதற்குத் தீவும் வரைய வேண்டும், எழுத்தும் வேண்டும்.