தெருவில் பிள்ளையார் வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விநாயகர் சதுர்த்திக்கு ஒரு மாதம் இருக்கும்போதே தெருவில் பேச்சு ஆரம்பித்துவிடும். போன வருஷம் எட்டு அடி, இந்த வருஷம் அதைவிடப் பெரிதாக வாங்கிவிட வேண்டும் என்று இளைஞர்கள் கிளம்பிப் போய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவார்கள். எங்கே வைப்பது, கரன்ட் எங்கிருந்து எடுப்பது, எந்த வண்டியில் ஏற்றுவது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் யோசனைக்கு வரும். பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வரிசை தப்பியதால் வருபவை. பிள்ளையார் அமரப்போவது எல்லோரும் நடக்கிற வழியில். அந்த இடம் எவ்வளவு தாங்கும் என்று அளந்துவிட்டுத்தான் சிலையைத் தேடிப் போக வேண்டும்.

உயரத்தில் இருந்து தொடங்கலாம். 2018 ஆகஸ்டில் தமிழக அரசு வெளியிட்ட விதிமுறைகளின்படி பீடத்தையும் சேர்த்து 10 அடிக்கு மேல் போகக் கூடாது. பலர் சிலையை மட்டும் 10 அடிக்கு வாங்கி, அதற்குக் கீழே மூன்றடி மேடை போடுகிறார்கள். போலீஸ் கேட்பார்கள் என்பதைவிட, தலைக்கு மேலே போகும் வயர்கள்தான் இங்கே பெரிய கவலை. பத்தடிச் சிலையை லாரியில் ஏற்றினால் குடையோடு சேர்த்து பதினைந்து அடியைத் தொட்டுவிடும். தெருவின் குறுக்கே வீடுகளுக்குப் போகும் சர்வீஸ் வயர் பல இடங்களில் அதைவிடத் தாழ்வாகத் தொங்குகிறது. அப்போது ஒரு பையன் வண்டி மேல் ஏறி மூங்கில் கழியால் வயரைத் தூக்கிப் பிடிப்பான், வண்டி அடியில் மெல்ல நகரும். ஈர மூங்கிலில் கரன்ட் பாயும் என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைப்பதில்லை. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர் மின்னழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். ஊர்வலம் போகும் வழியை முன்கூட்டியே ஒருமுறை நடந்து பார்த்து, தாழ்ந்த வயர் இருக்கும் இடங்களை ஈ.பி. அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். எந்த நேரத்தில் வண்டி வருகிறது என்று சொன்னால்தான் அவர்களால் மின்சாரத்தை நிறுத்தி வைக்க முடியும்.

பந்தலுக்குள்ளும் பெரிய ஆபத்து மின்சாரம்தான். தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போடுவது திருட்டு, அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் முறையாக டெம்பரரி கனெக்‌ஷன் வாங்கியவர்கள்கூட வயரிங்கில் கோட்டை விடுகிறார்கள். சீரியல் செட்டின் இரண்டு நுனிகளை முறுக்கி, மேலே செல்லோ டேப் சுற்றி, இரும்புப் பைப்போடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சென்னையில் சாயங்காலம் இடியோடு மழை கொட்டும். டேப் நனைந்து பிரிந்தால் பந்தல் முழுவதும் கரன்ட் பாயும். வரிசையில் நிற்கும் குழந்தை வெறுங்காலோடு வந்து அந்தப் பைப்பைத்தான் பிடிக்கும். ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து, கரன்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டித்துவிடும் இ.எல்.சி.பி. கருவியைப் பொருத்துங்கள், இணைப்புகளைத் தரையிலிருந்து உயர்த்தி மூடிய பெட்டிக்குள் வையுங்கள். மொத்தச் செலவில் இது பெரிதாக வராது.

கீற்றுக் கொட்டகை வேண்டாம். கற்பூரமும் சூடேறிய பல்பும் இருக்கும் இடத்தில் அது பற்றிக்கொள்ள நிமிஷம் போதும். இரவும் பகலும் இரண்டு பேராவது காவல் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. அந்த இரண்டு பேரும் தூங்கிவிடாமல் முறை வைத்து மாற்றிவிட ஆள் வேண்டும்.

‘வருஷா வருஷம் வைக்கிறோம், எதற்கு அனுமதி?’ என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. பழைய இடமானாலும் ஒவ்வொரு ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இடத்துக்கு உரியவரின் சம்மதம், மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை என்று அது யாருடைய சாலையோ அவர்களின் தடையில்லாச் சான்று, போலீஸ், தீயணைப்பு, மின்வாரியம் எனப் பல கையெழுத்து தேவை. கடைசி வாரத்தில் ஓடினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். புது இடத்துக்குப் பெரும்பாலும் அனுமதி கிடைப்பதும் இல்லை.

இடம் என்றதும் நாற்சந்திதான் நினைவுக்கு வருகிறது, எல்லோரும் பார்ப்பார்கள் என்று. ஆம்புலன்ஸ் திரும்ப முடியுமா என்பதை முதலில் பாருங்கள். மருத்துவமனை, பள்ளிக்கூடம், மற்ற மதத்தினரின் வழிபாட்டுத் தலம் ஆகியவற்றின் அருகே தவிர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் பிள்ளையாரைக் கொண்டாட அடுத்தவரைச் சீண்டும் இடம் எதற்கு? கம்பம் நட ரோட்டைத் தோண்டாதீர்கள். மணல் நிரப்பிய டிரம்மில் சவுக்குக் கட்டையை நிறுத்தினால் போதும்.

ஸ்பீக்கர் விஷயத்தில் கூம்பு வடிவக் குழாய்க்கு அனுமதி கிடையாது, பெட்டி வடிவம்தான். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியே கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு. அதாவது சாதாரணமாகப் பேசும் சத்தத்தை ஒட்டியது. பந்தலுக்கு எதிர்வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருந்தால், அந்த வீட்டில் போய்க் கேட்டுவிட்டு நேரத்தை முடிவு செய்வதுதான் மரியாதை.

சிலை எதனால் ஆனது என்று கேட்காமல் வாங்குவது இன்னும் தொடர்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 வழிகாட்டுதல்கள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளைத் தடை செய்கின்றன. 2023இல் அவற்றின் விற்பனைக்குத் தனி நீதிபதி கொடுத்த அனுமதியை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் இரு நீதிபதிகள் அமர்வு நிறுத்தி வைத்தது. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. களிமண் தண்ணீரில் சில மணி நேரத்தில் குழைந்துவிடும். பிளாஸ்டர் அப்படியே கிடக்கும். கரைத்த மறுநாள் சென்னை பட்டினப்பாக்கம் கடற்கரையில் தும்பிக்கையும் கையும் துண்டு துண்டாக ஒதுங்கிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு மனசு ஆறாது. நேற்றுவரை கும்பிட்ட உருவம் அது. வாங்கும்போது அடிப்பாகத்தைச் சுரண்டிப் பாருங்கள். சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி உதிர்ந்தால் வேண்டாம். காகிதக் கூழும் கிழங்கு மாவும் கலந்து செய்வது எடை குறைவு, பெரிய உருவத்துக்கு ஏற்றது. அதிலும் பளபளக்கும் எனாமல் பெயின்ட் அடித்திருந்தால் பாதிப் பலன் போய்விடும். வாட்டர் கலர் கேட்டு வாங்குங்கள்.

வசூலில் ஒரே ஒரு வார்த்தை. தொகையை நீங்களே எழுதி ரசீதை நீட்டாதீர்கள். கொடுப்பதைக் கடைக்காரரே எழுதட்டும்.

கரைக்கும் நாளில் போலீஸ் ஒதுக்கிய வழியையும் நேரத்தையும் மாற்றக் கூடாது, மாட்டு வண்டியோ மூன்று சக்கர வண்டியோ கூடாது, பட்டாசு வெடிக்கக் கூடாது. கடற்கரைக்குப் போனதும் மாலை, வஸ்திரம், பிளாஸ்டிக் நகை, தெர்மகோல் எல்லாவற்றையும் கழற்றித் தனியாக வையுங்கள். பூவும் அருகம்புல்லும் உரமாகும். கடலில் இறங்கும் வேலையை அங்கே இருக்கும் ஆட்களிடமும் கிரேனிடமும் விடுங்கள். பந்தல் பிரித்த மறுநாள் காலையிலேயே ஆணிகளைப் பொறுக்கி, பேனரை அவிழ்த்து, தெருவைக் கூட்டிவிட வேண்டும். துப்புரவுப் பணியாளர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள் என்று விடாதீர்கள். அப்படியே ஈ.பி. அலுவலகம் போய் டெம்பரரி கனெக்‌ஷனை முடித்து, மீதி டெபாசிட்டை வாங்கி, வரவு செலவுக் கணக்கைத் தெரு முனையில் ஒட்டிவிடுங்கள்.