மடிநோய் விட்டு விட்டு வருகிறதா? காம்பு காம்பாகக் கண்டுபிடிக்கும் முறை

எங்கள் ஜெர்சி கலப்புப் பசுவுக்குப் பின்பக்க இடது காம்பில் மடிநோய் வந்தது. ஊசி போட்டதும் பால் தெளிந்தது. மூன்றே வாரத்தில் மறுபடியும் திரிதிரியாக வந்தது. மருந்துதான் சரியில்லை என்று நினைத்தேன். உண்மையில் கிருமி உள்ளேயே பதுங்கியிருந்தது.

நாள்பட்டு இழுக்கும் மடிநோயில் அடிக்கடி சிக்கும் கிருமி ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். மடியின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு, மேலே பிசுபிசுப்பான படலத்தைப் போர்த்திக்கொள்ளும். மருந்து அதற்குள் லேசில் இறங்காது. விழுங்க வந்த வெள்ளையணுவுக்குள்ளேயே சில உயிரோடு கிடக்கும். போதாததற்குப் பல ரகங்கள் பெனிசிலினைச் சிதைக்கும் நொதியையும் சுரக்கும். மடிநோய் தரும் இன்னொரு கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்றால் பெனிசிலினுக்கே பெரும்பாலும் அடங்கிவிடும். எது என்று தெரியாமல் ஊசியை மாற்றிக்கொண்டே இருந்தால் காசுதான் கரையும்.

1. கறக்கும் முன் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் மூன்று நான்கு பீச்சைக் கறுப்புக் கிண்ணத்தில் பிடியுங்கள். திரியோ கட்டியோ இருந்தால் கறுப்பில் பளிச்சென்று தெரியும். தரையில் பீச்சாதீர்கள்.

2. பால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நோய் உள்ளே இருக்கலாம். அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் துணி சோப்புத்தூளைக் கரையுங்கள். நான்கு கிண்ணங்களில் நான்கு காம்புப் பாலையும் தனித்தனியே எடுத்து, பாலுக்குச் சம அளவு கரைசலை ஊற்றி மெதுவாகச் சுழற்றுங்கள். நல்ல பால் தண்ணீர்போல ஓடும். நோயுள்ள பால் மூக்குச்சளி போலக் கொழகொழக்கும், சாய்த்தால் ஒரே திரளாக வழுக்கும். சோப்பு வெள்ளையணுக்களை உடைக்க, உள்ளிருக்கும் டிஎன்ஏ இழைகள் பின்னிக்கொள்வதால் வரும் கொழகொழப்பு இது. எங்களுக்கு இடது பின்காம்பு மட்டும் இப்படிக் காட்டிக் கொடுத்தது. கன்று ஈன்ற முதல் சில நாட்களில் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

3. அந்தக் காம்புப் பாலைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், அதுவும் ஊசி போடும் முன்பே. காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் பீச்சுகளைத் தள்ளிவிட்டு, கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து ஐஸில் வையுங்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் எல்லா நாளும் பாலில் வெளிவராது. ஒரு முறை 'இல்லை' என்று வந்தால் சில நாள் கழித்து இன்னொரு மாதிரி கொடுங்கள். எந்த மருந்து கேட்கும் என்றும் ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பால் வற்றவிடும் சமயத்தில் காம்பு வழியாக மருந்து ஏற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், கறவையில் இருக்கும்போது போடுவதைவிட அப்போது பலன் கூடுதல். மடி கல்லாக இறுகிவிட்டால் தேறுவது கஷ்டம்.

4. இது கறப்பவர் கையோடும் துணியோடும் பரவும். நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறங்கள். கறந்ததும் எல்லா மாட்டின் காம்பையும் அயோடின் கரைசலில் முக்குங்கள். அப்புறம் தீவனம் போட்டு அரை மணி நேரமாவது நிற்க வையுங்கள், அதுவரை காம்புத் துளை சரியாக மூடியிருக்காது.