வார்டில் போட்ட யூனிஃபார்மை வீட்டில் துவைப்பது எப்படி?

காய்ச்சல் வார்டில் வேலை பார்க்கும் பலர் யூனிஃபார்மை வீட்டில்தான் துவைக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த முறை துணி யூனிஃபார்முக்கும் துணி கோட்டுக்கும் மட்டும்தான். ஒருமுறை போட்டுக் கழற்றும் பிபிஇ என்ற பாதுகாப்பு உடையை வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது, அது மருத்துவமனைக் கழிவோடு போகட்டும். ரத்தத்தில் ஊறிப்போன துணியையும் அங்கேயே சலவைக்குக் கொடுத்துவிடுங்கள்.

கிளம்பும் முன்பே உடை மாற்றிவிடுவது நல்லது. பாக்கெட்டுக்குள் சட்டென்று கையை விடாமல், வெளியிலிருந்து மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஊசி ஏதாவது கிடக்கலாம். அப்புறம் வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள்.

வீட்டில் இதற்கென்று தனி வாளி, தனி ரப்பர் கையுறை வேண்டும். துணியை உதறவே உதறாதீர்கள். துவைப்பதைவிட இந்த உதறலில்தான் ஆபத்து அதிகம். ஒட்டியிருப்பதெல்லாம் காற்றில் பறக்கும். பையின் வாயை வாளிக்குள் தாழ்த்திப் பிடித்தால் துணி தானாகச் சரிந்து விழும்.

தண்ணீர் 60 டிகிரியாவது இருக்க வேண்டும். வெப்பமானி தேவையில்லை. குழாய்த் தண்ணீர் பாதி ஊற்றி, அதன்மேல் கொதித்த தண்ணீர் பாதி ஊற்றினால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். சோப்புத்தூள் கலந்து, துணி முழுக்க மூழ்கும்படி அரை மணி நேரம் ஊற வையுங்கள். கையை விடாமல் கழியால் கிளறுங்கள், தண்ணீர் தெறிக்கக் கூடாது. கொரோனா, ஃப்ளூ கிருமிகளைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை உண்டு. சோப்பு அதை உடைத்துவிடும். ரத்தக் கறை இருந்தால் மட்டும் முதலில் பச்சைத் தண்ணீரில் ஊற வையுங்கள், சூடு பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். சூடாக்கும் வசதியுள்ள வாஷிங் மெஷின் இருந்தால் 60 டிகிரியில் வைத்துத் தனியாக ஓட்டினால் போதும்.

வெள்ளைத் துணி என்றால் அடுத்தது ப்ளீச், அதாவது குளோரின் உள்ள வெளுப்புத் திரவம். முதலில் சோப்பையும் அழுக்கையும் நன்றாக அலசிவிடுங்கள். அழுக்கு மிச்சமிருந்தால் குளோரினின் வீரியத்தை அது தின்றுவிடும். பாட்டிலில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால், லிட்டருக்கு 10 மில்லி வீதம் பச்சைத் தண்ணீரில் கலந்து அரை மணி நேரம் ஊற வைத்து, மறுபடி அலசுங்கள். கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: டாய்லெட் கழுவும் ஆசிட்டையோ வினிகரையோ ப்ளீச்சோடு சேர்த்தால் விஷவாயு கிளம்பும். கலர் துணி வெளுத்துப்போகும், அதற்கு ப்ளீச் வேண்டாம். சுடுதண்ணீரும் சோப்புமே போதும்.

நல்ல வெயிலில் முழுசாகக் காய வைத்து, இஸ்திரி போடுங்கள். ஈரம் இருக்கும்போதே மடித்து வைக்காதீர்கள்.

சரி, வாளியையும் கையுறையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கையுறையைக் கழற்றியதும் 20 விநாடி சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும்.