போதை சிகிச்சைத் துறையில் முதுகலை: கடற்கரைப் பிள்ளைகள் எங்கிருந்து தொடங்குவது?

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருந்த சித்தப்பா ஒரு தடைக்காலத்தில் குடியை நிறுத்தினார். மனசு மாறி நிறுத்தவில்லை. ஏப்ரல் 15க்கு விசைப்படகைக் கட்டிவிட்டால் ஜூன் 14 வரை 61 நாளைக்குக் கையில் காசு ஓடாது, கடன் கொடுத்தவர்களும் கையை விரித்துவிட்டார்கள், அதனால் நின்றது. முதல் ராத்திரி தூக்கமில்லை, வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. மறுநாள் வலிப்பு. மூன்றாம் நாள் ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து வெறும் காற்றில் வலை பின்னிக்கொண்டிருந்தார். ஊசி இல்லை, நூல் இல்லை, ஆனால் விரல்கள் ஒவ்வொரு கண்ணியாக முடிச்சுப் போட்டு நகர்ந்துகொண்டே இருந்தன. காத்துக் கருப்பு அடிச்சிருச்சு என்று மந்திரிக்க ஆள் தேடினார்கள். சித்தி ஒருத்தி பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதால் பிழைத்தார்.

எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணியில் முதுகலை படிக்கும்போதுதான் அதற்கு ஒரு பெயர் உண்டு என்று தெரிந்தது. டெலிரியம் ட்ரெமன்ஸ். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், 48 முதல் 96 மணி நேரத்துக்குள் இந்த நினைவுக் குழப்பம் வரலாம், கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். அந்தக் குழப்பத்தில் கைகள் தங்களுக்குப் பழகிய தொழிலையே செய்யும் என்று களப்பணி மேற்பார்வையாளர் சொன்னபோது நான் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடிவிட்டேன்.

ஆகவே இந்தப் படிப்பைப் பற்றி, டிகிரி முடித்துவிட்டு அடுத்து என்ன என்று கேட்கும் நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துத் தம்பி தங்கச்சிகளுக்காக எழுதுகிறேன். பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை, மூக்கையூர், எந்த ஊராக இருந்தாலும் சரி.

முதல் படி: எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள், பட்டம் அப்புறம்

ஒரு போதை சிகிச்சை மையத்தில் மனநல மருத்துவர், நர்ஸ், மருத்துவ உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர், கவுன்சலர், குடியிலிருந்து மீண்டு மற்றவர்களுக்குக் கைகொடுப்பவர் என்று பலர் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் வழி வேறு. எம்.பி.பி.எஸ். முடித்தவர் என்றால் எம்.டி. மனநல மருத்துவம், அதற்கு மேல் அடிக்ஷன் சைக்கியாட்ரியில் டி.எம். என்ற மூன்று வருட உயர்சிறப்புப் படிப்பு இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ., பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகியவற்றில் படிக்கலாம். நர்ஸிங் படித்தவருக்கு மனநல நர்ஸிங்கில் எம்.எஸ்சி. உளவியல் படித்தவருக்கு எம்.எஸ்சி. உளவியல், பிறகு மருத்துவ உளவியல்.

பி.ஏ. தமிழ், பி.காம்., பி.எஸ்சி. கடல் உயிரியல் என்று வேறு ஏதாவது படித்தவர்களுக்குப் பெரும்பாலும் திறந்திருக்கிற கதவு எம்.எஸ்.டபிள்யூ.தான். எந்த இளங்கலையும் போதும் என்கிற கல்லூரிகள்தான் அதிகம். இரண்டு வருடம், நான்கு செமஸ்டர். இரண்டாம் வருடத்தில் மருத்துவம் மற்றும் மனநல சமூகப் பணி என்ற சிறப்புப் பாடத்தை எடுங்கள். மனிதவளம் எடுத்தால் சீக்கிரம் வேலை கிடைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் நீங்கள் வந்த காரணம் இது என்றால் அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். இதற்கு மேல் நான் எழுதுவது பெரும்பாலும் இந்த வழியைப் பற்றித்தான், எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான்.

இரண்டாம் படி: விண்ணப்பம் போடுமுன் பக்கத்தில் போய் உட்காருங்கள்

மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்கள் உண்டு, ஐ.ஆர்.சி.ஏ. என்பார்கள். பக்கத்தில் எது இருக்கிறது என்று 14446 என்ற இலவச உதவி எண்ணில் கேட்கலாம். அங்கே ஒரு வாரம் தன்னார்வலராக இருக்க அனுமதி கேளுங்கள். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள் யாரும் வந்து கேட்கக்கூடிய திறந்த கூட்டங்களை அவ்வப்போது நடத்துகின்றன. அதற்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள், குறிப்பு எடுக்காதீர்கள். முதல் கூட்டத்திலேயே பலருக்குப் புரிந்துவிடும், இது தன்னால் முடியுமா முடியாதா என்று.

கூடவே வீட்டில் இருந்தபடியே ஒரு பயிற்சி. உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்ற பத்துக் கேள்விப் படிவத்தை இணையத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். 40க்கு மதிப்பெண், 8 வந்தால் ஆபத்தான குடி, 20ஐத் தொட்டால் குடிக்கு அடிமையாகியிருக்கலாம். அதில் ஒரே தடவையில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட அளவு குடித்தீர்களா என்று ஒரு கேள்வி வரும். அளவு என்பது என்ன? 10 கிராம் சுத்தமான ஆல்கஹால். நம் டாஸ்மாக் பிராந்தி 42.8 சதவீதம் என்பதால் 30 மில்லியில் 10 கிராம் இருக்கிறது, அப்படியென்றால் 180 மில்லி குவார்ட்டரில் சரியாக ஆறு அளவு. 'ஒரு குவார்ட்டர்தான் தம்பி, அதுக்கு மேல தொடமாட்டேன்' என்று பெருமையாகச் சொல்லும் அண்ணன் அந்தக் கேள்விக்கு ஏற்கனவே ஆமாம் என்று பதில் சொல்லிவிட்டார். 650 மில்லி பீர் பாட்டிலுக்கு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், 5 சதவீதம் என்றால் இரண்டரை அளவுக்குப் பக்கத்தில் வரும்.

மூன்றாம் படி: கல்லூரியைக் களப்பணியை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மதுரை இன்ஸ்டிடியூட் ஆஃப் சோஷியல் சயின்சஸ், திருச்சி பிஷப் ஹீபர், சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், லயோலா என்று பெயர்கள் நிறைய இருக்கின்றன, எதை எடுத்தாலும் பாடத்திட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் களப்பணியில். வழக்கமாக வாரத்தில் இரண்டு நாள் களப்பணி, கடைசியில் ஏறக்குறைய ஒரு மாதம் ஒரே நிறுவனத்தில் தொடர்ச்சியான பணி. சேர்வதற்கு முன் சீனியர்களிடம் மூன்று விஷயம் கேளுங்கள். போதை சிகிச்சை மையத்துக்கு மாணவர்களை அனுப்புகிறார்களா, அங்கே படுக்கை வசதியோடு சிகிச்சை நடக்கிறதா அல்லது விழிப்புணர்வு ஊர்வலம் மட்டும்தானா, நீங்கள் எழுதும் அறிக்கையை வாரா வாரம் உட்கார்ந்து படித்துத் திருத்துபவர் யார். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் சேராதீர்கள்.

தொலைநிலையில் இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் எம்.எஸ்.டபிள்யூ. நடத்துகிறது, வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு அது ஒரு வழி, அதிலும் களப்பணி உண்டு. ஆனால் நல்ல மேற்பார்வையாளரை நீங்களே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், குடிநோயாளியிடம் பேசுவதைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. வில்லியம் மில்லரும் ஸ்டீஃபன் ரோல்னிக்கும் வளர்த்தெடுத்த மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்ற முறையைப் பாடத்தில் படிப்பீர்கள். திறந்த கேள்வி கேள், அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல், வாதாடாதே. படிக்கும்போது சுலபம். 'நீ சின்னப் பொண்ணு, உனக்கு என்ன தெரியும், காற்றிலயும் குளிரிலயும் நின்னு பார்த்தியா' என்று எதிரே உட்கார்ந்தவர் கேட்கும்போது நம் வாயிலிருந்து புத்திமதிதான் முதலில் வரும். நான் என் முதல் ஆறு அறிக்கைகளிலும் புத்திமதிதான் சொல்லியிருந்தேன். மேற்பார்வையாளர் ஒவ்வொரு வரியாகச் சிவப்புக் கோடு போட்டு, இங்கே அவர் என்ன சொல்ல வந்தார் என்று என்னையே கேட்டார். அந்தச் சிவப்புக் கோடுகளில் கற்றதுதான் இன்றுவரை கைகொடுக்கிறது.

இன்னொன்று, நம் ஊர் அறிவை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கடந்த மூன்று மாதத்தில் எந்த நாளில் எவ்வளவு குடித்தார் என்று காலண்டரை வைத்துப் பின்னோக்கிக் கேட்கும் முறை ஒன்று உண்டு, டைம்லைன் ஃபாலோபேக் என்பார்கள். பிறந்தநாள், திருவிழா போன்ற நாட்களை அடையாளமாக வைத்து ஞாபகப்படுத்தச் சொல்வார்கள். விசைப்படகுக்காரரிடம் அதற்குக் கடலுக்குப் போக டோக்கன் வாங்கிய நாட்கள், கரை வந்து பங்கு பிரித்த காலைகள், ஓரியூர்த் திருவிழா, தடைக்காலம் இவைதான் அடையாளம். பங்கு பிரிப்பது காலையில், குடியும் காலையில் தொடங்கும். அவரைச் சாயங்காலம் ஆறு மணி கவுன்சலிங்குக்கு வரச்சொன்னால் எப்படி வருவார்? நகரத்தில் வளர்ந்த சக மாணவருக்கு இது தெரியாது, உங்களுக்குத் தெரியும். அதேபோல மாலை போடுவதும், குடியை விடுவதாகச் சாமி முன்னால் கயிறு கட்டிக்கொள்வதும், மாதா முன்னால் சத்தியம் செய்வதும் எத்தனையோ பேருக்கு உண்மையான தொடக்கமாக இருந்திருக்கிறது, அதைக் குறைத்துப் பேசாதீர்கள். ஆனால் தினமும் விடியலிலேயே கை நடுங்கக் குடிப்பவர் அப்படி நிறுத்துகிறார் என்றால் முதல் ஒரு வாரம் டாக்டர் பார்வையில் இருக்கட்டும் என்று சொல்லி அழைத்துப்போக வேண்டும். தூக்கத்துக்கும் வலிப்புக்கும் மாத்திரை, கூடவே தையமின் என்ற பி1 வைட்டமின். அந்தக் கவனிப்புதான் சித்தப்பாவுக்கு முதல் மூன்று நாளும் கிடைக்காமல் போனது.

நான்காம் படி: எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேலே

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்து வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. மனநல சமூகப் பணியாளர் என்றால் யார் என்றும் அதே சட்டம் சொல்கிறது: எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் இரண்டு வருட முழுநேர எம்ஃபில். நிம்ஹான்ஸில் நுழைவுத்தேர்வு எழுதிச் சேர்வார்கள். அங்கே போதை மருத்துவத்துக்கென்றே தனி மையம் உண்டு. எம்ஃபிலைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022 விதிகளில் நிறுத்தினாலும் மருத்துவ உளவியல், மனநல சமூகப் பணி இரண்டுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு கொடுத்தது. ஆகவே நீங்கள் போகும் வருடத்தில் அந்த இடத்தில் என்ன படிப்பு இருக்கிறது என்று நிம்ஹான்ஸ் அறிவிப்பையும், உளவியல்காரர்கள் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் அறிவிப்பையும் நேரடியாகப் பாருங்கள், யூடியூபில் யாரோ சொன்னதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

அந்தச் சட்டத்தில் 95வது பிரிவைக் கட்டாயம் படியுங்கள், மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று சொல்கிறது. நம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். இந்தத் துறையில் நுழைகிற நம் மாவட்டத்துப் பிள்ளை யாராக இருந்தாலும் அந்த ஊருக்கு ஒரு தடவை போய் நின்றுவிட்டு வர வேண்டும் என்பது என் எண்ணம். அடைத்துவைத்து அடித்துத் திருத்துகிறோம் என்று சொல்லும் மையங்களை இன்றும் பார்ப்பீர்கள். அங்கே சம்பளம் அதிகம் கொடுத்தாலும் சேராதீர்கள்.

ஐந்தாம் படி: சான்றிதழ்களும் வெளிநாடும்

சுருக்கமாகவே சொல்கிறேன். கொழும்புத் திட்டம் என்ற அமைப்பு, தலைமையகம் நம் கடலுக்கு அக்கரையில் கொழும்பிலேயே இருக்கிறது, போதை சிகிச்சைப் பணியாளர்களுக்கு யு.டி.சி. என்ற பாடத்தொகுப்பை உருவாக்கியிருக்கிறது, அதையொட்டித் தேர்வும் சான்றிதழும் உண்டு. வேலையில் சேர்ந்த பிறகு எடுப்பது நல்லது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷன், டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும், தமிழ் பேசும் குடிநோயாளிகளோடு வேலை செய்யக் கற்க அதைவிடப் பழைய இடம் கிடைப்பது கஷ்டம். தொடர் களப்பணிக்கு அங்கே இடம் கிடைக்குமா என்று கல்லூரி மூலம் முன்கூட்டியே கேளுங்கள்.

வெளிநாடு என்றால், 'ஆல்கஹால் அண்ட் அதர் டிரக்ஸ்' என்று தேடினால் ஆஸ்திரேலியப் படிப்புகளாகவே வரும், அது அவர்கள் ஊர்ச் சொல். 'அடிக்ஷன்' என்று தேடினால்தான் லண்டன் கிங்ஸ் கல்லூரி போன்றவை கண்ணில் படும். இரண்டு மூன்று வருடம் இங்கே வேலை பார்த்த பிறகு போங்கள். கையில் அனுபவம் இல்லாமல் கடன் வாங்கிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆறாம் படி: நேர்முகத்தில் சொல்லப்போகும் கதை

எம்.எஸ்.டபிள்யூ. சேர்க்கை பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் நடக்கும், நம் தடைக்காலத்தில்தான். வலை மராமத்துக்கு வீட்டில் ஆள் தேவைப்படும் நேரம், முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். மதிப்பெண் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று மூன்றையும் ஏப்ரலுக்குள் எடுத்துவிடுங்கள், உதவித்தொகைக்கும் அதுவே வேண்டும்.

நேர்முகத்தில் ஏன் இந்தத் துறை என்று நிச்சயம் கேட்பார்கள். நம்மில் பலருக்குப் பதில் வீட்டுக்குள்ளேயே இருக்கும். சொல்லலாம், ஆனால் அது நம் கதை மட்டும் இல்லை. எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமாக இருக்கிற ஊரில், ஒரு மாமன் குடித்ததை அடுத்த தெருவில் சொன்னால் அவர் பெண்ணுக்கு வரன் பேசுகிற இடம்வரை போகும். அதனால் யாரைப் பற்றிச் சொல்லப்போகிறோமோ அவரிடம் முதலில் கேட்க வேண்டும். நான் நேர்முகத்துக்கு முன்னால் கேட்கவில்லை, இப்போது இதை எழுதுமுன் கேட்டேன். சித்தப்பா நாட்டுப்படகுக்கு வலை பின்னிக்கொண்டிருந்தார், இந்தத் தடவை கையில் ஊசி இருந்தது. 'பேரு போடாத. அன்னைக்கு ராத்திரி எத்தனை கண்ணி பின்னுனேன்னு சித்திகிட்ட கேட்டு எழுது' என்றார். சித்தி எண்ணவில்லையாம்.